முழுக் கோதுமை மாவில் செய்த பூசணி பிரெட் ஏன் செங்கல் மாதிரி ஆகிறது?

அமெரிக்காவில் அக்டோபர் வந்துவிட்டால் பல வீடுகளில் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் போட்ட பூசணி பிரெட் வாசனை அடிக்கும். மைதாவுக்குப் பதில் முழுக் கோதுமை மாவு போட்டவர்களின் குறைதான் மேலே உள்ள கேள்வி.

தவிடு, முளை, நடுவிலுள்ள மாவுப்பகுதி மூன்றும் சேர்த்து அரைத்தால் அது முழுக் கோதுமை மாவு. மைதாவில் நடுப்பகுதி மட்டும்தான். தவிடு தண்ணீரை நிறையக் குடிக்கும், அதுவும் நிதானமாக. கலந்த கையோடு ஓவனில் வைத்தால் அது நனைவதற்குள் பிரெட் வெந்துவிடும். சாப்பிடும்போது வறண்டு, நறநறவென்றிருக்கும். போதாக்குறைக்கு, காற்றைப் பிடித்துவைக்கும் பசையிழைகளையும் தவிட்டுத் துணுக்குகள் அறுத்துவிடும். அப்புறம் எங்கே உப்புவது?

சப்பாத்தி மாவைப் பிசைந்து அரைமணி மூடிவைக்கிறோமே, அதே கதைதான். பூசணி விழுது, முட்டை, எண்ணெயோடு மாவைக் கலந்து 20 நிமிடம் ஊறவிடுங்கள். சமையல் சோடாவை ஒரு ஸ்பூன் பாலில் கரைத்துக் கடைசியில் சேருங்கள். முன்பே போட்டால் குமிழ்கள் கிண்ணத்திலேயே போய்விடும். முதல் தடவை பாதி மைதா கலந்தாலும் தப்பில்லை, நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

கடையில் பழுப்பாக இருக்கும் பிரெட் எல்லாம் முழுக் கோதுமை அல்ல. மைதாவில் கேரமல் சேர்த்தாலும் அந்த நிறம் வரும், பாக்கெட்டில் முதலில் எந்த மாவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.