பாய்மரப் படகில் ஏழு நாள்: முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: பாலக்கோட்டில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். மனைவிக்கும் வருகிற மே மாதத்தோடு வேலை முடிகிறது. இத்தனை வருடத்தில் ஒகேனக்கல் பரிசலைத் தவிர வேறு படகில் நாங்கள் ஏறியதில்லை. மண்டபம், கீழக்கரை, தூத்துக்குடி மூன்று ஊரிலும் பழைய நண்பர்கள் இருக்கிறார்கள். கடல் வழியாகவே நிதானமாகப் போய், தீவுகளில் தங்கி, அவர்களையும் பார்த்து வர ஆசை. வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது: "பாம்பன் முதல் தூத்துக்குடி வரை பாய்மரப் படகில் 7 நாள். தீவுகளில் கூடாரம். கச்சத்தீவு தரிசனம். இருவருக்கு 84,000 ரூபாய்." இந்த வாரமே பாதிப் பணத்தை ஜிபேயில் போட்டால்தான் இடம் உறுதி என்கிறார் ஏஜென்ட். போடலாமா?

பதில்: போடாதீர்கள் சார். உங்கள் ஆசையில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அந்த விளம்பரம், விற்கவே முடியாத பொருளுக்கு விலை சொல்கிறது.

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். முசல் தீவு, அப்பா தீவு, நல்லதண்ணி தீவு, வான் தீவு என்று பெயர்களைக் கேட்டாலே போக வேண்டும் போலத்தான் இருக்கும். ஆனால் 1986 முதல் இவை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. பவளப்பாறையும் கடற்புல்லும், அந்தப் புல்லை மேய வரும் ஆவுளியாவும் (கடற்பசுவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பிழைத்திருக்க வேண்டும் என்று அரசு காப்பாற்றி வைத்திருக்கும் இடம். வனத்துறை அனுமதி இல்லாமல் கரையில் கால் வைத்தாலே வழக்கு. கூடாரம் போட்டு இரவு தங்குவதெல்லாம் சுற்றுலாப் பயணிக்குக் கிடைக்கிற அனுமதியே இல்லை. வழக்கு வந்தால் தீவில் நிற்கிற உங்கள் மேலும் வரும். அந்த நேரம் ஏஜென்ட் கரையில் இருப்பார்.

கச்சத்தீவும் அப்படித்தான். 1974 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது இலங்கைப் பகுதி. வருடத்துக்கு ஒரு முறை அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு, முன்கூட்டியே பெயர் பதிந்தவர்கள் மட்டும் அரசு ஏற்பாட்டில் ராமேஸ்வரத்திலிருந்து போய் வருகிறார்கள். மற்ற நாளில் "தரிசனம்" என்றால் எல்லை தாண்டிய குற்றம்.

சரி, ஒரு ஏஜென்ட் நேர்மையானவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? படகின் போட்டோவைக் கேட்காதீர்கள், எல்லோரும் அழகான போட்டோதான் அனுப்புவார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது படகை அல்ல. அனுமதியையும், காற்று மாறினால் பணம் திரும்பும் என்கிற வாக்கையும்தான் வாங்குகிறீர்கள். இரண்டும் காகிதத்தில் இருக்க வேண்டும்.

முதலில் படகின் பதிவுச் சான்றைக் கேளுங்கள். பாம்பன் பக்கம் நிற்கும் படகுகளின் முகப்பில் ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அது மீன்பிடிப்புக்கான பதிவு. அந்தப் படகில் பயணிகளை ஏற்றினால், அசம்பாவிதம் நடக்கும்போது இன்சூரன்ஸ் கைகொடுக்காது. பயணிகளை ஏற்ற அனுமதி பெற்ற படகுதானா, எத்தனை பேர் ஏறலாம், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் தீவுக்கான வனத்துறை அனுமதிக் கடிதத்தின் நகல். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் சார்" என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஜிபேயில் பணம் போடும்போது திரையில் ஒரு பெயர் வரும். அதை நின்று படியுங்கள். விளம்பரத்தில் நிறுவனத்தின் பெயர் இருந்து, திரையில் யாரோ தனிநபர் பெயர் வந்தால், உங்கள் பணம் போவது அந்தத் தனிநபருக்குத்தான். ஜிஎஸ்டி எண் கேட்டு, ஜிஎஸ்டி இணையதளத்தில் தேடுங்கள். பதிவான பெயரும் ஊரும் தெரியும். யாரும் பார்க்கலாம், கட்டணம் இல்லை.

காற்றைப் பற்றி உங்கள் மாவட்டத்துக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. காவிரியில் நீர்வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்திவிடுகிறார்கள், நாமும் பேசாமல் திரும்பி வருகிறோம். கடலிலும் அதே கதைதான். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினாலோ, மீனவர்களுக்குக் கடலுக்குப் போகும் டோக்கன் நிறுத்தப்பட்டாலோ, உங்கள் படகும் கிளம்பக் கூடாது. அந்த நாளுக்குப் பணம் திரும்புமா, எத்தனை நாளில் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும். அந்த வரிக்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் முன்பணம் வேண்டாம்.

ஆலப்புழையில் படகுவீடு எடுத்தபோது நான் இப்படித்தான் வாய்வார்த்தையை நம்பினேன். ஏசி அறை என்றார்கள். ஏறிய பிறகுதான் ஏசி இரவு 9 மணிக்கு ஓடத் தொடங்கிக் காலை 6 மணிக்கு நின்றுவிடும் என்று தெரிந்தது. மதிய வெயிலில் என் அம்மா பட்ட பாடு இன்னும் மனதில் இருக்கிறது. ரசீதில் "ஏசி" என்ற ஒரே சொல்தான் இருந்தது, நேரம் எழுதவில்லை. சண்டை போட என் கையில் ஒன்றும் இல்லை.

இப்போது உங்கள் பயணத்துக்கு வருகிறேன், அதை விட்டுவிட வேண்டாம். மூன்று நண்பர்கள் வீடும் ஒரே கடற்கரை வரிசையில் இருப்பது பெரிய கொடுப்பினை. தங்குவதற்கு அந்த வீடுகள், கடலுக்குப் பகல் நேரப் படகு என்று பிரித்துக்கொள்ளுங்கள். சேலம், கரூர், மதுரை வழியாக மண்டபம் போய் நண்பர் வீட்டில் இறங்குங்கள். பாம்பன் பக்கத்துக் குருசடைத் தீவுக்கு வனத்துறையே பகலில் படகு விட்டிருக்கிறது. ஓடுகிறதா என்று அவர்களுக்கே போன் செய்து கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். அங்கே தண்ணீர் பரிசல் துறை போல அமைதியாக இருக்கும், உங்கள் மனைவி பயப்படாமல் ஏறலாம். தனுஷ்கோடியில் ஒரு மாலை முழுக்க நில்லுங்கள். ஒரு பக்கம் அமைதியான பெண் கடல், மறுபக்கம் சீறுகிற ஆண் கடல் என்று ஊர்க்காரர்கள் காட்டுவார்கள். பிறகு கீழக்கரை, அப்புறம் சாவகாசமாகத் தூத்துக்குடி.

மே முடிந்த கையோடு மட்டும் கிளம்பாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மன்னார் வளைகுடாவில் காற்று பலமாக இருக்கும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். பொங்கல் முடிந்து ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை போவது நல்லது. காத்திருக்கும் மாதங்களில் நண்பர்களையே உள்ளூரில் விசாரிக்கச் சொல்லுங்கள். யார் படகு நம்பகமானது என்பது கீழக்கரையில் இருப்பவருக்குத் தெரியும், பாலக்கோட்டுக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறவர் சொல்லமாட்டார்.

கேள்வி: கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். அந்தமானில் ஒரு நாள் பாய்மரப் படகுப் பயணத்துக்கு 18,000 ரூபாய் கட்டினோம். வானிலையைச் சொல்லி ரத்து செய்துவிட்டார்கள். பணம் தராமல், ஒரு வருடத்துக்குள் மறுபடி வந்தால் செல்லும் கூப்பன் தருகிறார்கள். ரசீதில் "கட்டிய பணம் திரும்பாது" என்று இருக்கிறது. வேறு வழி இல்லையா?

பதில்: இருக்கிறது. வானிலைக்கு அவர்கள் பொறுப்பல்ல, அதற்காக நஷ்டஈடு கேட்பது கடினம். ஆனால் தராத சேவைக்கு வாங்கிய பணத்தை வைத்துக்கொள்வது வேறு விஷயம். நுகர்வோருக்குப் பாதகமான ஒருதலைப்பட்ச நிபந்தனையை நியாயமற்ற ஒப்பந்தம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆகவே ரசீதில் அச்சடித்துவிட்டார்கள் என்பதற்காக அதுவே முடிந்த முடிவு ஆகிவிடாது.

கூப்பனை இப்போது ஏற்றுக்கொள்ளாதீர்கள். பணமாக வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்டு 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனம் அந்தமானில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. ரத்து நடந்த தேதியிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். ரத்து செய்வதாக வந்த குறுஞ்செய்தியை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள்.