கண்ணாடிக்குள் எழுதும் தடம் ஏன் நீள்கிறது?

கேள்வி: ஃபியூஸ்டு சிலிக்காவுக்குள் (தூய சிலிக்காக் கண்ணாடி) ஃபெம்டோசெகண்ட் லேசரால், அதாவது மிகமிகக் குறுகிய ஒளித் துடிப்புகளால், ஒளியைக் கடத்தும் ஒளிவழித் தடம் எழுதுகிறோம். மேற்பரப்புக்கு அருகே நன்றாக வருகிறது. ஆழத்தில் தடம் நீண்டு, ஒளி சிதறுகிறது. லேசர் துடிப்பின் ஆற்றலைக் கூட்டலாமா?

பதில்: வேண்டாம், கூட்டினால் இன்னும் கெடும்.

800 நானோமீட்டர் ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு 1.55 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல்தான் உண்டு. சிலிக்காவின் பட்டை இடைவெளியோ, அதாவது எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றலோ, சுமார் 9 எலக்ட்ரான் வோல்ட். ஆறு ஃபோட்டான்களாவது சேர்ந்து வந்தால்தான் எலக்ட்ரான் விடுபடும். அந்த நெரிசல் குவியத்தில் மட்டுமே நிகழ்வதால்தான் மற்ற இடங்களில் கண்ணாடி மாறுவதில்லை.

குறைந்த ஆற்றலில் குவியத்தில் கண்ணாடி சற்றே அடர்ந்து, ஒளிவிலகல் எண் 0.001 அளவில் கூடும். உங்களுக்கு வேண்டியது இதுதான். ஆற்றல் ஏறினால் நானோ வரிகள் (கண்ணாடிக்குள் மிக நுண்ணிய அடுக்கு வரிகள்) உருவாகி இரட்டை விலகல் வரும், அதாவது ஒளிவிலகல் எண் ஒளியின் முனைவாக்கத்தைப் (ஒளி அலை அதிரும் திசை) பொறுத்து மாறும். அதையும் தாண்டினால் நுண்குழி. உங்கள் தடத்தை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு போலரைசர்களுக்கு (ஒரே அதிர்வுத் திசை ஒளியை மட்டும் விடும் தகடுகள்) இடையே வைத்துச் சுழற்றுங்கள். ஒளிர்ந்து அணைந்தால் இரட்டை விலகல் இருக்கிறது. எழுதும் லேசரின் முனைவாக்கத்தைத் திருப்பி எழுதியதும் இரட்டை விலகலின் திசையும் திரும்பினால் நானோ வரிகளேதான், கண்ணாடிக்குள் தங்கிய வெறும் தகைவல்ல (உள் அழுத்தமல்ல).

நீட்சிக்குக் காரணம் கோளப் பிறழ்ச்சி, அதாவது கதிர்கள் ஒரே புள்ளியில் குவியாமை. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் புகும்போது ஓரக் கதிர்கள் மையக் கதிர்களைவிட ஆழத்தில் குவிகின்றன. இந்தப் பிறழ்ச்சியைச் சரிசெய்யும் திருத்த வளையமுள்ள ஆப்ஜெக்டிவ் (குவிக்கும் லென்ஸ்) இருந்தால் ஒவ்வொரு ஆழத்துக்கும் வளையத்தைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் இடையே எண்ணெய் நிரப்பும் எண்ணெய் அமிழ்வு லென்ஸ் இன்னும் மேல், ஆனால் எட்டும் ஆழம் குறைவு. பக்கவாட்டில் (லேசர் கற்றைக்குச் செங்குத்தாக நகர்த்தி) எழுதுவதாயின், ஆப்ஜெக்டிவுக்கு முன் எழுதும் திசைக்கு இணையாக அரை மில்லிமீட்டர் அகலப் பிளவு (ஒளி புகும் குறுகிய இடுக்கு) வைத்தால் தடத்தின் குறுக்குவெட்டு ஏறக்குறைய வட்டமாகும். பிளவு விழுங்கும் ஆற்றலை மட்டும் ஈடுகட்டுங்கள்.

போரோசிலிகேட் கண்ணாடிக்கு இதே அமைப்பைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே மெகாஹெர்ட்ஸ் (நொடிக்குப் பத்து லட்சம்) துடிப்பு வீதத்தில் வெப்பம் தேங்கித் தடம் தானாகவே அகலும்.