கேள்வி – பதில்: மாற்றுத்திறனாளிகளின் அன்றாட உடல்நலம்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களிலிருந்து, அதாவது பழைய வட ஆற்காட்டின் எல்லைக்குள்ளிருந்து வந்த கடிதங்களில், மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடைய குடும்பத்தினரும் எழுதியவற்றை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். உலகில் 130 கோடிப் பேர், ஏறத்தாழ ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க குறைபாட்டுடன் வாழ்கிறார்கள் என்றும், அவர்களில் சிலர் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள் வரை முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இந்த இடைவெளி முழுவதையும் குறைபாட்டின் தலையில் போட்டுவிட முடியாது. தவிர்த்திருக்கக்கூடிய புண்ணும் தொற்றும், யாரும் அளந்து பார்க்காமல் விட்ட இரத்த அழுத்தமும், படியேற முடியாததால் போகாமலே விட்ட மருத்துவமனையும் சேர்ந்துதான் இதில் பெரும்பங்கை உண்டாக்குகின்றன. வந்த கடிதங்கள் அனைத்திலும் அதையே காண்கிறேன்.

கேள்வி: என் தம்பிக்கு வயது 29. கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து விழுந்ததில் தண்டுவடம் அடிபட்டு, மார்பின் நடுப்பகுதிக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லாமல் போய்விட்டன. இப்போது சக்கர நாற்காலியில் உட்காரப் பழகிவிட்டான். ஆனால் உட்காரும் இடத்தில் புண் வருகிறது, ஆறுகிறது, மறுபடியும் வருகிறது. சிறுநீர்த் தொற்றும் ஓயவில்லை. வெயில் காலத்தில் காய்ச்சல் போல உடம்பு கொதிக்கிறது. "இந்த நிலைமையில் இருப்பவர்களுக்கு இப்படித்தான் இருக்கும்" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இது உண்மையா? – குடியாத்தத்திலிருந்து ஒரு சகோதரி

பதில்: உண்மையில்லை, அம்மா. தண்டுவடம் அடிபட்டது மாறாமல் இருக்கலாம். புண்ணும் தொற்றும் அதனோடு கட்டாயம் ஒட்டிக்கொண்டு வரவேண்டியவை அல்ல.

உணர்வுள்ள நாம் உட்கார்ந்திருக்கும்போது நம்மை அறியாமலே அடிக்கடி அசைந்துகொள்கிறோம். உங்கள் தம்பியின் உடம்பு அந்த எச்சரிக்கையை அனுப்புவதில்லை என்பதால், எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவில் சிக்கிய தசைக்கு இரத்தம் போவது நின்று, தோலுக்கு அடியிலேயே சிதைவு தொடங்கிவிடுகிறது. மேலே புண்ணாகத் தெரிவதற்கு முன்பே உள்ளே பெரிதாகிவிடுவதும் உண்டு. ஆகவே, அரை மணிக்கு ஒரு முறையாவது முன்பக்கம் நன்றாகக் குனிந்தோ, ஒரு பக்கமும் மறு பக்கமுமாகச் சாய்ந்தோ, ஒன்றிரண்டு நிமிடம் அந்த இடத்தின் பாரத்தை அவர் நீக்கியாக வேண்டும். கைகளை ஊன்றி ஒரு நொடி எழும்பி உட்காருவது போதாது, தோள்களும் கெட்டுப்போகும். கைப்பேசியில் நினைவூட்டும் மணியை வைத்துக்கொள்ளட்டும். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரண்டு படுக்க வேண்டும். காலையிலும் இரவிலும் கைக்கண்ணாடியின் உதவியோடு பிட்டம், வால் எலும்பு, இடுப்பின் பக்கங்கள், குதிகால் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சிவந்தோ கறுத்தோ இருக்கும் ஓர் இடம் பாரத்தை நீக்கி அரை மணி கழித்தும் பழைய நிறத்துக்கு வரவில்லை என்றால், அது மாறும்வரை அந்த இடத்தின்மேல் உட்காரவோ படுக்கவோ கூடாது. அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையங்களைக் கடையில் தருவார்கள். அவை சுற்றியுள்ள தோலை இறுக்கி இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் வாங்கவேண்டாம். சுடச்சுடச் சோற்றுத் தட்டை மடியில் வைப்பதும், வெயிலில் நின்ற நாற்காலியின் இரும்பில் தொடை படுவதும் அவருக்குத் தெரியாமலே கொப்புளமாகிவிடும் என்பதையும் வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

சிறுநீர் விஷயத்தில் நான் காணும் பெரிய தவறு, கழிப்பிடச் சிரமத்துக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது. நாள் முழுவதும் பரவலாகத் தண்ணீர் குடித்து, மருத்துவர் கற்றுக்கொடுத்திருந்தால் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை சுத்தமான குழாயைச் செலுத்திச் சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிடுவதே பாதுகாப்பான முறை. ஒரு வேளைக்கு 500 மில்லிக்கு மேல் சேர்ந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். கைகழுவுதலை ஒருபோதும் விடக்கூடாது. சிறுநீர் கலங்கலாக இருப்பதற்காக மட்டும் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடவேண்டாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், வழக்கத்துக்கு மாறான தசை இறுக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வந்தால்தான் அது சிகிச்சை கேட்கும் தொற்று. தேவையின்றிப் போட்ட மருந்து, உண்மையில் தேவைப்படும் நாளில் வேலை செய்யாமல் போய்விடும்.

உடம்பு கொதிப்பதற்கும் காரணம் இருக்கிறது. அடிபட்ட இடத்துக்குக் கீழே தோல் வியர்ப்பதில்லை. அக்கினி நட்சத்திரத்தில் 40 பாகையைத் தாண்டும் நம் ஊர் வெயிலில், அதுவும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே, உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வழியில்லாமல் போகிறது. தண்ணீர் தெளிக்கும் புட்டி ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு கை, கழுத்து, மார்பில் தெளித்து மின்விசிறியின் காற்றில் இருக்கச் செய்யுங்கள். நடுப்பகலில் வெளியே அனுப்பாதீர்கள். தலை பிளப்பது போன்ற வலியும், முகச் சிவப்பும், மேலுடம்பில் மட்டும் வியர்வையும் திடீரென்று வந்தால் அது வெயிலின் வேலை அன்று. உடனே அவரை நேராக உட்காரவைத்து, இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கக்கூடும் என்பதால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இவற்றையெல்லாம் நேரில் செய்து காட்டிக் கற்றுக்கொடுக்கும் இடம் உங்களுக்குத் தொலைவில் இல்லை. 1954-இல் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் முன்னின்று உருவாக்கிய மறுவாழ்வு நிலையம், வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பகுதியாக 1966 முதல் இயங்கிவருகிறது. அந்தச் செய்தியையும் உங்கள் உறவினர்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 48. சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிவிட்டது. காலிப்பர் என்னும் கால்தாங்கி போட்டு நடந்து, தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினேன். இரண்டு ஆண்டுகளாக நல்ல காலும் தளர்கிறது, மாலையில் எழுந்திருக்க முடியவில்லை. உடற்பயிற்சி செய்யவில்லை என்று மருத்துவர் கடிந்துகொண்டார். கர்ப்பப்பை சோதனைக்குப் போன இடத்தில், உங்களால் மேசையில் ஏறிப் படுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். – வாலாஜாபேட்டை வாசகி

பதில்: சகோதரி, உங்கள் தளர்ச்சி சோம்பல் அன்று. போலியோ வந்து பல ஆண்டுகள் கழித்து, அதுவரை இரட்டிப்பாக உழைத்துவந்த நரம்பணுக்கள் களைத்துப்போவதால் புதிய பலவீனமும் வலியும் அசதியும் வருவதுண்டு. போலியோவுக்குப் பிந்தைய நோய்க்குறி என்று அதைச் சொல்வார்கள். நம் நாட்டில் கடைசியாக இயற்கையான போலியோ கிருமி தாக்கியது 2011 ஜனவரியில். அதற்குப் பின் படித்து வந்த இளம் மருத்துவர்களில் பலர் இந்த நோயாளிகளை அதிகம் பார்த்ததே இல்லை. ஆகவே, சிறுவயதில் போலியோ வந்ததை நீங்களே முதலில் சொல்லுங்கள். தைராய்டு, இரத்தசோகை, சர்க்கரை போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதி செய்துகொள்வதும் அவசியம்.

பயிற்சியை விடவேண்டாம்; அளவை மாற்றுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டுதல்கள், மாற்றுத்திறனாளிகளுக்கும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான இயக்கத்தைப் பரிந்துரைக்கின்றன. ஆனால் உங்களுக்கு அந்த எண்ணைவிட முக்கியமானது மறுநாள் காலையின் நிலை. முந்தைய நாள் செய்த பயிற்சியின் களைப்பு மறுநாளும் மிஞ்சியிருந்தால் அது அதிகம் என்று பொருள். நாற்காலியில் உட்கார்ந்தபடி கைகளுக்குப் பயிற்சி, இடையிடையே ஓய்வு, நீண்ட தூரத்துக்குச் சக்கர நாற்காலி என்று வகுத்துக்கொள்ளுங்கள். இத்தனை ஆண்டு காலிப்பரோடு நடந்தவருக்குச் சக்கர நாற்காலியில் உட்காருவது தோல்வியாகத் தோன்றும் என்பதை அறிவேன். மிச்சமிருக்கும் பலத்தைத் தையலுக்கும் வீட்டுக்கும் சேமித்து வைக்கும் வழியாக அதை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காலிப்பர் இப்போதைய உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

உங்களைத் திருப்பி அனுப்பியது தவறு, அதைச் சொல்ல நான் தயங்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் அதன் எல்லாப் பகுதிகளும் தடையின்றி அணுகக்கூடியனவாக இருக்க வேண்டும் என்றும், மாற்றுத்திறனாளிகளுக்குச் சிகிச்சையில் முன்னுரிமை தரவேண்டும் என்றும் கூறுகிறது. கர்ப்பப்பை வாய்ச் சோதனையை உயரம் குறைந்த கட்டிலிலும் செய்யலாம், ஒருக்களித்துப் படுத்தும் செய்யலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே பேசி, உதவிக்கு ஒரு செவிலியரைக் கேட்டுவிட்டுச் செல்லுங்கள். மார்பகச் சோதனையையும் அன்றே முடித்துக்கொள்ளுங்கள். கால் சூம்பியதால் மற்ற உறுப்புகளுக்கு நோய் வராமல் போய்விடாது.

கேள்வி: அடையாள அட்டையால் மருத்துவத்துக்குப் பயன் உண்டா? எங்கே கேட்பது? – ஆற்காடு வாசகர்

பதில்: உண்டு. யு.டி.ஐ.டி. எனப்படும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லும். உதவிக் கருவிகளுக்கும், கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகைக்கும் அது அடிப்படை. உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைத் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது, மூளை முடக்குவாதம். பேச்சில்லை. ஒரு வேளைச் சோறு ஊட்ட ஒரு மணி நேரம் ஆகிறது, அடிக்கடி புரையேறுகிறது, எடை ஏறவில்லை. சில நாட்களாகக் காரணமில்லாமல் அழுகிறாள். தூக்கித் தூக்கி என் இடுப்பும் போய்விட்டது. – அணைக்கட்டிலிருந்து ஒரு தாய்

பதில்: காரணமில்லாமல் எந்தக் குழந்தையும் அழாது, அம்மா, பேச முடியாத குழந்தைக்கு அழுகைதான் பேச்சு. முதலில் மலச்சிக்கலையும் பல்லையும் பாருங்கள். வலிப்புக்கு ஃபெனிடாயின் மாத்திரை சாப்பிடும் குழந்தைகளுக்கு ஈறு தடித்து வளர்வதுண்டு. அடுத்து இடுப்பு மூட்டு: மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, குறிப்பாக நடக்க முடியாதவர்களுக்கு, தொடை எலும்பு மூட்டிலிருந்து மெல்ல விலகும். உடை மாற்றும்போது தொடையை விரித்தால் அழுகிறாள் என்றால் தாமதிக்காமல் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

ஊட்டும்போது படுக்கவைத்தோ தலையைப் பின்னால் சாய்த்தோ ஊட்டாதீர்கள். முதுகுக்குத் தாங்கல் கொடுத்து நேராக உட்காரவைத்து, தாடை சற்றுக் கீழ்நோக்கி இருக்கும்படி, அவளுடைய கண் மட்டத்தில் நீங்களும் உட்கார்ந்து ஊட்டுங்கள். நீர்த்த ரசமும் பாலும்தான் எளிதில் புரையேறும். கேழ்வரகுக் கூழைக் கெட்டியாகக் காய்ச்சி, நெய்யோ கடலை எண்ணெயோ சேர்த்தால் குறைந்த அளவிலேயே கூடுதல் சத்து சேரும். மூன்று வேளையை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரியுங்கள். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். சாப்பிடும்போது குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, சளிக்காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தாலோ உணவு நுரையீரலுக்குள் போகிறது என்று ஐயப்பட வேண்டும். அதை விழுங்குதல் பயிற்சி தெரிந்த நிபுணரிடம் காட்டியாக வேண்டும்.

உங்கள் இடுப்பும் இந்த வீட்டின் மருத்துவப் பிரச்சினைதான். குனிந்து தூக்காமல் முழங்காலை மடக்கி, குழந்தையை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். குளிக்க வைக்கவும் ஊட்டவும் கட்டில் உயரத்தைப் பயன்படுத்துங்கள். தந்தையோ பாட்டியோ ஒரு வேளையை ஏற்கட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் மகளின் பெயரையும், கூடவே உங்கள் இடுப்பு வலியையும் பதியச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்குத் தொழுநோய் குணமாகி நீண்ட காலம் ஆயிற்று. ஆனால் பாதத்தில் உணர்வில்லை. ஒரே இடத்தில் புண் ஆறுவதும் வருவதுமாக இருக்கிறது. நோய் திரும்பிவிட்டதா? – காட்பாடி வட்டத்திலிருந்து ஒரு பெரியவர்

பதில்: ஐயா, இது பெரும்பாலும் நோய் திரும்பியதன் அடையாளம் அன்று. தொழுநோயாளிகளின் கை கால்கள் தாமாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டே சிதைகின்றன என்பதை இதே வேலூர் மண்ணில் டாக்டர் பால் பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் கண்டறிந்து நிலைநாட்டினார்கள். 1955 முதல் இயங்கும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே காட்டி, எலும்பில் சீழ் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, உள்ளே மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பை உங்கள் பாதத்துக்கு அளவெடுத்து வாங்குங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்கவேண்டாம். அணியும் முன் உள்ளே கல்லோ முள்ளோ இருக்கிறதா என்று கையால் தடவாமல் கண்ணால் பாருங்கள், விரல்களிலும் உணர்வு குறைந்திருக்கலாம். தினமும் பாதத்தைச் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, தடித்த தோலை மெல்லத் தேய்த்தெடுத்து, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்; புண் திறந்திருக்கும் நாட்களில் ஊறவைக்க வேண்டாம். புண் ஆற மருந்தைவிட ஓய்வுதான் முக்கியம். ஆறிய பின்னும் அந்தத் தழும்பு சில வாரங்கள் மென்மையாகவே இருக்கும் என்பதால், முதலில் வீட்டுக்குள் சிறிது தூரம், பிறகு தெருமுனை வரை என்று, குறுகிய அடிகளாக எடுத்துவைத்து நடையைக் கூட்டுங்கள். நடந்து முடித்ததும் பாதத்தைப் புறங்கையால் தொட்டு, மற்ற இடங்களைவிடச் சூடாக இருக்கும் பகுதி உண்டா என்று பாருங்கள். சூடு தெரிந்தால் அடுத்த நாள் நடக்காமல் காலை நீட்டி ஓய்வெடுங்கள்.