சீனாவுக்கு வேலைக்குப் போகும் பெருமாநல்லூர்த் தம்பிக்கு

தம்பி, திருப்பூர்க் கம்பெனி உங்களை மெர்ச்சண்டைசராகச் சீனாவில் கேச்சியாவ் என்ற ஊர் ஆபீசுக்கு அனுப்புகிறது என்று எழுதியிருந்தீர்கள். அங்கே ஜனங்கள் அரசாங்கத்துக்குப் பயந்து வாழ்கிறார்களா, உண்மையாகவே அதைப் பிடித்திருக்கிறதா, இதையெல்லாம் அவர்களிடம் வாய்விட்டுப் பேசலாமா என்று கேட்டிருந்தீர்கள். புதிதாக வருகிறவர்கள் வாடகையும் சாப்பாடும்தான் கேட்பார்கள். நீங்கள் இதைக் கேட்டது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். நாம் யோசிக்காமல் பேசினால் நமக்கு வருவதைவிட நம்மோடு பழகும் சீனர்களுக்குத்தான் அதிகக் கஷ்டம் வரும்.

பயமா பிரியமா, ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் என்னால் முடியாது. ஒரே ஆளிடம் இரண்டையும் பார்த்திருக்கிறேன், இரண்டும் நிஜம்.

அங்கே எங்கள் அடுக்ககத்தில் கீழ்வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். அன்ஹுயி மாகாணத்துக் கிராமத்துக்காரர். மகன் சாயப்பட்டறை வேலைக்கு வந்ததால் பேரனைப் பார்த்துக்கொள்ளக் கூடவே வந்தவர். 1959 முதல் 1961 வரை அந்த நாட்டில் வந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானவர்கள் செத்தார்கள். விளைச்சல் அமோகம் என்று அதிகாரிகள் பொய்க்கணக்கு எழுத, அந்தக் கணக்குப்படி அரசாங்கம் தானியத்தை அள்ளிக்கொண்டு போனது. அன்ஹுயி மிக மோசமாக அடிபட்ட மாகாணங்களில் ஒன்று. பாட்டி அப்போது சிறுபிள்ளை. மரப்பட்டையை இடித்துக் கரைத்துக் குடித்ததைச் சொல்லியிருக்கிறார். அதே பாட்டி, விவசாய வரியை 2006-ல் அடியோடு எடுத்தது இந்த அரசாங்கம்தான், எனக்கு மாதாமாதம் கொஞ்சம் பென்ஷன் வருகிறது, எங்கள் ஊர்வரைக்கும் தார் ரோடு வந்துவிட்டது என்று மனசாரச் சொல்வார். யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்ன பேச்சாக அது எனக்குப் படவில்லை. பட்டினி கிடந்த வயிறு, சோறு வந்ததை மறக்காது.

இன்னொரு நாள் இருவரும் உட்கார்ந்து பச்சை மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். பேச்சு பிள்ளைப்பேறு பக்கம் திரும்பியது. பாட்டி எழுந்தார். மேஜைமேல் இருந்த தன் போனையும் என் போனையும் எடுத்துக்கொண்டு போய் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அப்புறம்தான் சொன்னார். ஒரு குழந்தைச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில், அனுமதியில்லாமல் இரண்டாவது உண்டான மகளை, வயிறு நன்றாகத் தெரியும் மாதத்தில் ஊர் அதிகாரிகள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 1980-ல் இறுக்கிய சட்டத்தை 2015-ல்தான் கைவிட்டார்கள். இப்போது 2021 முதல் மூன்று பெற்றுக்கொள்ளலாம் என்கிறார்கள். அதைச் சொல்லும்போது பாட்டியின் கை மொச்சையை உரிக்கவில்லை, நசுக்கிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் கோபம் முழுக்க அந்த ஊர் அதிகாரிமேல்தான். மேலே இருப்பவர்களுக்கு இவர்கள் செய்கிற அட்டூழியம் தெரியாது என்றார்.

இந்தப் பேச்சை நீங்கள் அங்கே அடிக்கடி கேட்பீர்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று நாம் சொல்வோமே, அதேதான். அரசாங்கமும் இந்த எண்ணத்தைக் கட்டிக் காக்கிறது. வூஹான் மருத்துவர் லீ வென்லியாங் புதுக் காய்ச்சலைப் பற்றி நண்பர்களை எச்சரித்தார் என்பதற்காக, 2020 ஜனவரி ஆரம்பத்தில் உள்ளூர் போலீஸ் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்துக் கையெழுத்து வாங்கியது. பிப்ரவரி 7-ம் தேதி அதே நோயில் அவர் இறந்தார். ஊரே கொதித்தது. மார்ச்சில் மத்தியிலிருந்து விசாரணைக் குழு வந்து அந்தக் கண்டிப்பு தவறு என்றது, வூஹான் போலீஸ் மன்னிப்புக் கேட்டது. வாயைக் கட்டிய ஏற்பாட்டை யாரும் தொடவில்லை, கீழே இருந்தவர்கள் தலையில் பழி முடிந்தது. இன்றும் அவருடைய கடைசி வெய்போ (அங்கத்திய சமூக வலைத்தளம்) பதிவின் கீழே ஜனங்கள் வந்து எழுதுகிறார்கள். பரீட்சையில் தோற்றது, அம்மா இறந்தது, வேலை போனது என்று வீட்டுக் கதையெல்லாம் அவரிடம் சொல்கிறார்கள்.

மனு கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. நம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நிற்பதுபோல அங்கே ஊருக்கு ஊர் மனு அலுவலகம் இருக்கிறது, 12345 என்ற எண்ணுக்குப் போன் போட்டும் சொல்லலாம். தெருவிளக்கு, சாக்கடை, சம்பளப் பாக்கி என்றால் பல நேரம் வேலை நடக்கும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நிலத்தைப் பிடுங்கியதையோ, அதிகாரியின் அடாவடியையோ சொல்லப் பெய்ஜிங்வரை போகிறவர்களை அவர்களுடைய ஊர் ஆட்களே போய் மறித்துத் திருப்பிக் கூட்டிவருவதும் நடக்கிறது. 2022-ல் ஹெனான் மாகாணத்தில் சில கிராமப்புற வங்கிகளில் பணம் முடங்கியது. கேட்கப் போனவர்களின் போனில் கொரோனா ஹெல்த் கோடு திடீரென்று சிவப்பானது. சிவப்பு என்றால் ரயிலேற முடியாது, ஓட்டலில் தங்க முடியாது. விஷயம் நாறிப்போய்ச் சில அதிகாரிகளைத் தண்டித்தார்கள். பூசாரிதான் கெட்டவன் என்று சிலர் நம்பிச் சொல்கிறார்கள், சிலர் அப்படிச் சொன்னால்தான் தப்பிக்கலாம் என்று சொல்கிறார்கள். வெளியிலிருந்து வந்த நமக்கு எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பிரித்துப் பார்க்க முயலவும் வேண்டாம்.

நீங்கள் அங்கே தினமும் சாயப்பட்டறைக்காரர்களோடு புழங்கப்போகிறவர். அதனால் நம் நொய்யலையும் அவர்கள் ஆற்றையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களுக்குச் சென்னிமலைப் பக்கம். ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கென்று 1992-ல் கட்டினார்கள், அதில் வந்து தேங்கியது திருப்பூர்ச் சாயக்கழிவு. எங்கள் பெரியப்பா தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால் மாடு மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தென்னை ஒவ்வொன்றாகக் குருத்துக் காய்ந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் வருடக்கணக்காகக் கோர்ட்டுக்கு நடந்து நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போது வேலை போனவர்களின் பாட்டையும் நாம் பார்த்தோம்.

கேச்சியாவ் இருக்கும் ஜெஜியாங் மாகாணத்திலும் ஆறும் கால்வாயும் நம்மைப்போலவே கெட்டுக்கிடந்தன. 2013-ல் அங்கே ருயிஆன் என்ற ஊரில் ஒரு தொழிலதிபர், சுற்றுச்சூழல் அதிகாரி எங்கள் ஊர் ஆற்றில் 20 நிமிடம் நீந்திக் காட்டட்டும், 2 லட்சம் யுவான் தருகிறேன் என்று இணையத்தில் அறிவித்தார். அதிகாரி இறங்கவில்லை. நாடு முழுக்க அந்தப் பேச்சாகிவிட்டது. அடுத்த வருடத்துக்குள் மாகாணம் முழுவதும் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பெரிய இயக்கம் தொடங்கிவிட்டது. கேச்சியாவ் ஊருக்குள் இருந்த சாயப்பட்டறைகள் பலவற்றைக் கடலோரத் தொழிற்பேட்டைக்குத் தள்ளினார்கள், சின்னவற்றை மூடினார்கள்.

எனக்குத் துணி கொடுக்கும் பட்டறை முதலாளி ஒருவர் என்னைக் கால்வாய்க்கரைக்கே கூட்டிப்போய்க் காட்டினார். எங்கள் காலத்தில் இது ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம், இப்போது பார் தூண்டில் போடுகிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார். திரும்பி வரும் வழியில் தன் மச்சானின் சின்னப் பட்டறை கதையைச் சொன்னார். நோட்டீஸ் வந்தது, அவகாசம் கேட்டார்கள், கிடைக்கவில்லை, கரண்டைப் பிடுங்கினார்கள், நஷ்டஈடு கடனுக்கே போதவில்லை. கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே என்றேன். கோர்ட்டும் அவர்களுடையதுதானே என்றார். பெருமை, மனக்குறை இரண்டையும் அவர் ஒரே குரலில்தான் சொன்னார். நம் பெரியப்பாக்கள் கோர்ட்டு வாசலில் போய் நிற்க முடிந்ததே, அதை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனாலும் நொய்யல் இன்னும் தெளியாமல் கிடக்கையில், அவரிடம் எங்கள் வழிதான் சரி என்று வாதாட எனக்கு வாய் வரவில்லை.

நம் ஊர் ஜனங்களும் இந்த விஷயத்தில் லேசானவர்கள் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு போங்கள். எமர்ஜென்சி காலத்தில் 1976 ஜனவரி 31-ல் மாநில ஆட்சியையே கலைத்தார்கள், மிசாவில் பிடித்து அடித்தார்கள். 1977 தேர்தலில் வடக்கே இந்திராவையே தோற்கடித்தபோது, தமிழ்நாடு அவர் கூட்டணிக்கு 39-ல் 34 இடம் கொடுத்தது. அப்போது ஆபீசுக்கு எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள், பதுக்கல்காரன் பயந்தான் என்று புகழும் பெரியவர்களை எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கேட்டு வளர்ந்தவள் நான். அதனால், சீனர்கள் ஏன் இப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று அவர்களைக் கீழாக நினைக்க நமக்கு இடமில்லை.

ஒரு பெரிய வித்தியாசம் மட்டும் உங்கள் ஊரிலேயே நிற்கிறது. ஒரு பைசா மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகளில் மூன்று பேர் 1970-ல் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அவர்களுக்கு அங்கே நினைவுத்தூண் இருக்கிறது, வருடா வருடம் மாலை போடுகிறார்கள், கட்சிக்காரர்கள் மேடையேறிப் பேசுகிறார்கள். பெய்ஜிங்கில் 1989 ஜூன் 4-ல் தியானன்மென் சதுக்கத்தைச் சுற்றி ராணுவம் சுட்டதில் செத்தவர்களுக்கு அந்த நாட்டில் கல் கிடையாது, அந்தத் தேதியை இணையத்தில் தேடினாலும் ஒன்றும் வராது. எங்கள் ஆபீஸ் பிள்ளைகளில் பலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. தெரிந்தவர்கள் சொல்வதில்லை. நான் இதையெல்லாம் விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கிருந்து வீசாட்டில் (அவர்களுடைய வாட்ஸ்அப் மாதிரி) ஒரு வரிகூட இப்படி எழுத மாட்டேன், நீங்களும் எழுதக் கூடாது.

அதற்காக ஜனங்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2022-ல் கொரோனாக் கட்டுப்பாடு கழுத்தை நெரித்தது. எப்போது பார்த்தாலும் பரிசோதனை வரிசைதான். நவம்பர் 24-ல் உரும்சி நகரத்து அடுக்ககத்தில் தீப்பிடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். கட்டுப்பாட்டால்தான் தப்ப முடியவில்லை என்று பேச்சு பரவியதும் ஷாங்காய், பெய்ஜிங் என்று பல ஊர்களில் பிள்ளைகள், பேச விடவில்லை என்பதற்கு அடையாளமாக ஒன்றுமே எழுதாத ஏ4 தாளைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார்கள். எங்கள் ஆபீசில் வாய் திறக்காத பெண் ஒருத்தி, வீசாட்டில் தன் முகப்புப் படத்தை வெறும் வெள்ளையாக மாற்றினாள். சாயங்காலம் பழையபடி பூனைப் படம் வந்துவிட்டது. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. டிசம்பர் 7-ல் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். தெருவில் நின்றவர்களில் சிலரைப் போலீஸ் பின்னால் தேடிப் பிடித்தது.

ஆகவே தம்பி, இந்தப் பேச்சை நீங்களாக எடுக்க வேண்டாம். அவர்களாக எடுத்தால் கேளுங்கள், தூண்டித் துருவாதீர்கள், கேட்டதை இன்னொரு சீனரிடம் சொல்லாதீர்கள். ஆபீஸ் குரூப்பில் தைவான், திபெத், எல்லைத் தகராறு எதுவும் வேண்டாம். அவர்கள் அரசாங்கத்தை அவர்களே திட்டுவார்கள், நாம் திட்டினால் சுருக்கென்று படும். 2020 கால்வான் எல்லை மோதலுக்குப் பிறகு அது இன்னும் அதிகம்.

வீட்டோடு பேசுவதற்கு இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் மூன்றும் அங்கே தடை. வீசாட்டை நம் அரசாங்கம் 2020 ஜூனில் மற்ற சீனச் செயலிகளோடு சேர்த்துத் தடை செய்துவிட்டது. உங்கள் அம்மாவுக்கும் உங்களுக்கும் நடுவில் இரண்டு அரசாங்கங்களின் பூட்டும் தொங்குகிறது. இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள், அதில் வாட்ஸ்அப் பெரும்பாலும் வேலை செய்யும்.

போய் இறங்கி 24 மணி நேரத்துக்குள் தங்குமிடத்தைப் போலீசில் பதிய வேண்டும். ஓட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு பாஸ்போர்ட், ஒப்பந்தத்தோடு நேரில் போங்கள். மரியாதையாகத்தான் நடத்துவார்கள். அவர்கள் கொடுக்கும் பதிவுச் சீட்டை விசா நீட்டிக்கும்போது கேட்பார்கள், வீடு மாறினால் மறுபடி பதிய வேண்டும்.