எழுபது பெயருக்கும் இடம் உண்டு

அன்புள்ள ஐயா,

எங்கள் எஸ்டேட் மைதானத்துக்குப் பெயர் வைக்கப் பேச்சு நடக்கிறது. சங்கத்துக்காரர்கள் ஒரு தலைவர் பெயரைச் சொல்கிறார்கள். பெட்டிமுடி நிலச்சரிவில் போனவர்கள் நினைவாக வைக்கலாம் என்று நாங்கள் சில பெண்கள் சொன்னோம். "எழுபது பேர் பெயரை எப்படி வைப்பது?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்கள். விமான நிலையம், ஸ்டேடியம் எல்லாவற்றுக்கும் பெரிய ஆட்கள் பெயர்தானே வைக்கிறார்கள்?

எஸ்., மூணாறு

அன்புள்ள எஸ்.,

பெரிய ஆள் என்பதைவிட, அந்த இடத்துக்கும் அவருக்கும் என்ன உறவு என்பதுதான் முக்கியம். கர்நூல் பக்கம் ஓர்வகல்லில் 2021இல் திறந்த சின்ன விமான நிலையத்துக்கு உய்யாலவாடா நரசிம்ம ரெட்டியின் பெயர். கிழக்கிந்தியக் கும்பினியை எதிர்த்து எழுந்ததற்காக 1847இல் கோயிலகுண்ட்லாவில் தூக்கில் போடப்பட்டவர். அது அவர் சீமை. அதனால் அங்கே அந்தப் பெயர் பொருந்துகிறது.

நம் திருவனந்தபுரத்தையே பாருங்கள். 1932இல் பறக்கும் கிளப்பாகத் தொடங்கி விமான நிலையமாக வளர்ந்ததற்குக் காரணம் ஜி.வி. ராஜா என்று சொல்லப்படும் கோதவர்ம ராஜா. கேரளத்தில் விளையாட்டை வளர்த்தவரும் அவரே. 1971இல் குலு பள்ளத்தாக்கில் விமான விபத்தில் இறந்தார். விளையாட்டுப் பள்ளிக்கும் விருதுக்கும் அவர் பெயர் இருக்கிறது. அவர் பிறந்த அக்டோபர் 13 கேரளத்தின் விளையாட்டு தினம். வருடா வருடம் பிள்ளைகள் ஓடிக் குதிக்கும் ஒரு நாள் இருப்பதால்தான் அவர் நினைவு பலகையோடு நின்றுவிடவில்லை.

இனி எழுபது பேர் கேள்விக்கு வருகிறேன். அது கேட்டு மனம் கொதித்தது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்துக்கு 'நினைவு ஸ்டேடியம்' என்றுதான் பெயர் வைத்தார்கள். 1923இல் முதல் ஆட்டம் நடந்தது. அதன் இரண்டு பக்கமும் வரிசையாகத் தூண்கள். முதல் உலகப் போரில் இறந்த அந்தப் பல்கலைக்கழகத்தாரின் பெயர்களை அந்தத் தூண்களில் தனித்தனியாகப் பொறித்திருக்கிறார்கள். எழுபதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அவர்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது.

பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவில் நான்கு லயங்கள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போயின. எழுபது உயிர். நான்கு பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. மறுநாள் கோழிக்கோடு விமான நிலையம் இருக்கும் கரிப்பூரில் விமானம் விழுந்தது. அங்கே செத்தவர்களுக்குப் பத்து லட்சம், நம்மவர்களுக்கு ஐந்து லட்சம் என்று அரசு அறிவித்ததை மலையில் யாரும் மறக்கவில்லை. தேயிலை கிள்ளியவர்கள், ஜீப் ஓட்டியவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். தலைவர்களுக்குச் சாலை இருக்கிறது, பஸ் ஸ்டாண்டு இருக்கிறது. இவர்களுக்கு எங்கே இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பையன்கள் பந்து உதைக்கிற மைதானத்தைவிட அவர்களுக்குச் சொந்தமான இடம் வேறு எது?

முகப்பில் 'பெட்டிமுடி நினைவு மைதானம்' போதும். ஆட்டம் பார்க்க உட்காரும் படிக்கட்டுச் சுவரில் எழுபது பெயரையும் வயதோடு எழுதுங்கள், தமிழிலும் மலையாளத்திலும். உடல் கிடைக்காத நால்வரையும் விட்டுவிடாதீர்கள். ஆகஸ்டில் அடைமழை, ஆட்டம் நடத்த முடியாது. மழை விட்டதும் அவர்கள் பெயரில் எஸ்டேட்டுகளுக்கிடையே ஒரு கோப்பை வையுங்கள்.

சர்க்கார் பட்டியலை அப்படியே சுவரில் ஏற்ற வேண்டாம். கயத்தாறு பக்கத்தில் இருக்கும் அவர்கள் சொந்தக்காரர்களிடம் காட்டி, பெயரும் இனிஷியலும் சரிதானா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். நான் நேரில் வர வேண்டும் என்றால் தேதி சொல்லுங்கள், பீருமேட்டிலிருந்து வந்துவிடுகிறேன்.