தென்கடலில் இறக்கிய வள்ளம்

கேள்வி: நான் பாம்பன்காரன். கல்லூரி நாளிலிருந்து ஒரு இயக்குநரின் படங்களை விடாமல் பார்த்து வருகிறேன். மீனவக் குடும்பத்தைப் பற்றி அவர் எடுத்த புதுப் படத்துக்கு விருதும் கிடைத்தது, ஊரெல்லாம் புகழ்கிறார்கள். ராமநாதபுரம் போய்ப் பார்த்தேன். மீன் ஏலத்தில் அம்மா பேரம் பேசும் காட்சியைத் தவிர எதுவும் மனதில் ஒட்டவில்லை. ஆடி மாதம், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும்போது, அப்பா தென்கடலில் வள்ளத்தை இறக்கிச் சாகிறார். எங்கள் ஊரில் யாரும் அப்படி இறக்க மாட்டார்கள். இதைச் சொன்னதற்கு, அந்த இயக்குநரை எனக்கு அறிமுகப்படுத்திய மதுரை நண்பன், "உனக்கு ரசனை போய்விட்டது" என்று பேச்சையே நிறுத்திவிட்டான். குறை என்னிடமா? மறுபடி பார்க்க வேண்டுமா? பிடித்தது என்று சொல்லிவிடலாமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: அன்புத் தம்பி, உங்கள் ரசனைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காற்றைப் பற்றிய புகாரைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. பிடித்த படத்தில் இருக்கும் பிழைகளை நாம் கண்டுகொள்வதே இல்லை. இவருடைய பழைய படங்களில் கோர்ட்டோ ஆஸ்பத்திரியோ வந்திருந்தால், எத்தனை வக்கீல்களும் நர்ஸுகளும் பல்லைக் கடித்தார்களோ! நீங்கள் கைதட்டியிருப்பீர்கள். கதை கைவிட்ட பிறகுதான் பெரும்பாலும் பிழை தேடக் கிளம்புகிறோம்.

கடிதத்தை மறுபடி படித்தபோது அந்தச் சந்தேகம் நீங்கிவிட்டது. கச்சான் காலத்தில் தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வடக்கே பாக் கடல் அடங்கிக் கிடக்கும். வாடை பிறந்தால் நிலைமை தலைகீழ். அதற்கேற்பப் படகுகளைக் கரை மாற்றுவது உங்கள் பக்கத்து வழக்கம். வலை தப்பாகத் தொங்குகிறது என்றால் விட்டுவிடலாம். இங்கே அந்த மனிதரின் சாவே தவறான கரையில் நடக்கிறது. வெளியூர்க்காரருக்கு அது கடலின் கொடுமை. உங்களுக்கோ, அழ வேண்டிய நேரத்தில் 'இந்த ஆள் ஏன் வடகடலுக்குப் போகவில்லை?' என்ற கேள்வி. கடனோ, பிடிவாதமோ, ஒரு காரணத்தை ஒரே வரியில் சொல்லியிருந்தால் நீங்களும் அழுதிருப்பீர்கள். சொல்லாமல் விட்டது இயக்குநரின் குறைதான்.

விருதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சில பேர் கூடி, தங்கள் முன் வந்த படங்களுக்குள் எடுத்த முடிவு அது. 1960இல் கான் திரைப்பட விழாவில் இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 'லவ்வென்சுரா' திரையிடப்பட்டது. பாறைத் தீவொன்றில் ஒரு பெண் காணாமல் போகிறாள். அவளுக்கு என்ன ஆனது என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. அரங்கத்தில் கேலிக் கூச்சல். அதே விழாவில் அதற்கு நடுவர் பரிசும் கிடைத்தது. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பில், 1962இல் அதற்கு இரண்டாம் இடம். 2022இல் 72ஆம் இடம். கூச்சல் போட்டவர்கள் விவரம் கெட்டவர்கள் என்று காட்டுவதற்கே இந்தக் கதையை எடுத்துவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெண்ணைத் தேடப்போகிறார்கள் என்று நம்பி உட்கார்ந்தவருக்கு ஏமாற்றம் வரத்தான் செய்யும். (நானும் பாதியில் கடிகாரத்தைப் பார்த்தவன்தான்.)

மறுபடி பார்ப்பது இப்போது வேண்டாம். நண்பருக்காகப் பார்த்தால் பரீட்சைக்குப் படிப்பது போலாகிவிடும். என்றாவது டிவியில் வந்தால் அம்மா வரும் இடங்களை மட்டும் பாருங்கள். ஏலக் காட்சிக்கு வந்ததும் உங்கள் எழுத்தே மாறிவிட்டது; சுருக்குவதற்கு எனக்கு மனம் வராத பகுதி அதுதான்.

பிடித்தது என்று பொய் சொல்லாதீர்கள். அடுத்த படத்துக்கும் சொல்ல வேண்டிவரும். நண்பரின் கோபம் இந்தப் படத்துக்காக வந்தது என்று நான் நினைக்கவில்லை. தான் கொண்டுவந்து காட்டிய ஆளை நீங்கள் தள்ளிவிட்டதாக அவருக்குப் பட்டிருக்கும். அதனால் ஏலக் காட்சியில் பேச்சைத் தொடங்குங்கள், காற்றுக்குப் பிறகு வரலாம். நம்பாவிட்டால் ஆடியில் பாம்பனுக்கு வரச் சொல்லுங்கள். சாலைப் பாலத்தின் நடுவில் நின்றால் இரண்டு கடலும் தெரியுமே. பஸ்காரர்கள் ஹாரன் அடித்து விரட்டுவார்கள். சீக்கிரம் காட்டிவிட்டு இறங்கிவிடுங்கள்.