பனிப்புயலுக்குள் பனிப்பட்டைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒரே புயலில் ஓர் ஊரில் கொட்டித் தீர்க்கும் பனி, பக்கத்து ஊரில் லேசாகத் தூவிவிட்டுப் போவது ஏன்?

புயல் முழுவதும் பனி சீராகப் பொழிவதில்லை. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோரப் புயல்களில், பெரும்பாலும் தாழ்வழுத்த மையத்தின் வடமேற்குப் பக்கத்தில், கடலிலிருந்து வரும் ஈரமான வெதுவெதுப்பான காற்றும் வடக்கிலிருந்து இறங்கும் குளிர்காற்றும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. நெருக்கம் கூடக்கூட, வெதுவெதுப்பான காற்று குளிர்காற்றின்மேல் சாய்வாக ஏறுகிறது. அங்கே வளிமண்டலத்தின் நிலைத்தன்மையும் (காற்று மேலேறுவதைத் தடுக்கும் தன்மை) குறைந்திருந்தால், அந்த ஏற்றம் சில பத்து கி.மீ. அகலமே உள்ள நீண்ட கீற்றுக்குள் ஒடுங்கி வேகமெடுக்கிறது, அதுவே பனிப்பட்டை. ஏறிய காற்று பட்டையின் ஓரங்களில் கீழிறங்கும்போது வறண்டுவிடுவதால், அங்கு விழும் பனியில் ஒரு பகுதி தரையைத் தொடுவதற்கு முன்பே ஆவியாகிவிடுகிறது. பட்டைக்கு வெளியே இருக்கும் ஊர் ஏமாறுவது இதனால்தான்.

வேகமாகக் கடக்கும் புயல் எப்படி அவ்வளவு பனியைப் பொழிய முடியும்?

மேலேறும் காற்றின் வேகம் எந்த உயரத்தில் உச்சமடைகிறது என்பதே இங்கு முதன்மையானது. மைனஸ் 12 முதல் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் வரையிலான அடுக்கில் ஆறு கிளைகள் கொண்ட படிகங்கள் மிக விரைவாக வளர்கின்றன. வலுவான ஏற்றமும் இந்த அடுக்கும் ஒரே உயரத்தில் அமைந்தால், மணிக்கு 5 செ.மீ.க்கு மேலும் பனி சேரும். கனடாவின் அல்பர்ட்டா பக்கமிருந்து விரைந்து வரும் ‘கிளிப்பர்’ புயல்களில் ஈரம் குறைவு. ஆயினும் அவற்றின் பனி மிகவும் பொசுபொசுப்பானது என்பதால், 1 மி.மீ. நீரே ஏறத்தாழ 2 செ.மீ. பனியாகக் குவியக்கூடும்.

இன்னொன்றையும் நான் வலியுறுத்த விரும்புகிறேன். புயலின் வேகமும் பட்டையின் வேகமும் ஒன்றல்ல. பட்டை தன் நீளவாக்கிலேயே நகர்ந்தாலோ, ஓரிடத்தை அச்சாகக் கொண்டு மெல்லத் திரும்பினாலோ, புயல் மையம் விரைந்து சென்றாலும் அடியிலுள்ள ஊருக்கு மணிக்கணக்கில் விடிவில்லை. 2013 பிப்ரவரி 8, 9 தேதிகளில் கனெக்டிகட் மாநிலத்தின் ஹேம்டனில் சுமார் 1 மீட்டர் பனி குவிந்ததற்கு இத்தகைய பட்டையே காரணம்.

ரேடாரில் அடர்நிறமாகத் தெரியும் இடத்தில்தான் பனி அதிகமா?

எப்போதும் அல்ல. பாதி உருகிய பனித்துகள் ரேடார் அலையைப் பலமாகத் திருப்பி அனுப்புவதால், ஆலங்கட்டி கலந்த ஈரப்பனியும் கனத்த பனிப்பொழிவுபோலத் தோன்றும். தரை வெப்பநிலையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் வரும் பனிப்பட்டைகளும் இவைதாமா?

அல்ல. அவை ஈரி ஏரியின் வெதுவெதுப்பான நீர்ப்பரப்பின்மேல் குளிர்காற்று கடப்பதால் உருவாகின்றன. புயல் மையம் அருகில் இருக்க வேண்டியதில்லை.

இவ்வளவு தெரிந்தும் முன்னறிவிப்பு பிழைப்பது ஏன்?

பட்டை உருவாகும் என்பதை ஒரு நாள் முன்பே பெரும்பாலும் சொல்லிவிடலாம். அது எந்தத் தெருவுக்கு மேல் நிற்கும் என்பதைச் சொல்வதுதான் கடினம். 2015 ஜனவரியில் நியூயார்க் நகரில் அரை மீட்டருக்கு மேல் பனி எதிர்பார்க்கப்பட்டு, சுரங்க ரயில்கள்கூட நிறுத்தப்பட்டன. பட்டைகள் கிழக்கே தள்ளி அமைந்ததால் சென்ட்ரல் பார்க்கில் 25 செ.மீ.யும், லாங் ஐலண்டின் ஐஸ்லிப்பில் 60 செ.மீ.க்கு மேலும் பதிவாயின. ஆகவே ஒற்றை எண்ணை நம்பாமல், அறிவிப்பில் தரப்படும் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகள் இரண்டையும் பாருங்கள். புறப்படும் முன் கடைசி ஒரு மணி நேர ரேடார் படங்களையும் பார்த்துவிடுங்கள்.